பஞ்சுக் கேக்கின் வரலாறு: காற்றும் கையுழைப்பும்

முன்னுரை

அரசர் வரலாற்றை எழுதுவார்க்குக் கல்வெட்டும் செப்பேடும் நாணயமும் சான்றாகின்றன. அடுக்களை வரலாற்றை எழுதுவார்க்கு அத்தகைய உறுதியான சான்றுகள் சிலவே கிடைக்கின்றன. சமையல் நூல்கள், கடிதங்கள், கருவிகளுக்குப் பெற்ற உரிமைச் சான்றுகள், மக்கள் வழக்கில் நிற்கும் சொற்கள் ஆகிய இவற்றைத் தொகுத்தே அவ்வரலாற்றைக் காண வேண்டும். இம்முறையில் ஐரோப்பிய உணவு வகைகளுள் ஒன்றாகிய பஞ்சுக் கேக்கின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று பஞ்சுக் கேக்கு வீட்டில் எளிதாகச் செய்யும் பண்டமாகக் கருதப்படுகிறது. இதனைப் பற்றி இரு கருத்துகள் பெருவழக்காய் உள்ளன. இது தொன்றுதொட்டு இல்லங்களில் செய்யப்பட்டுவந்த எளிய பண்டம் என்பது ஒன்று. பேக்கிங் பவுடர் என்னும் பொடி தோன்றிய பின்னரே கேக்கு மென்மை பெற்றது என்பது மற்றொன்று. இவ்விரண்டும் சான்றுகளோடு பொருந்துவன அல்ல என்பதும், இப்பண்டத்தின் மென்மை நெடுங்காலம் மனிதர் கையுழைப்பினாலேயே பெறப்பட்டது என்பதும் யாம் ஈண்டு நிறுவ முற்படும் கருத்துகளாம்.

பெயர் வரலாறு

ஆங்கிலேயர் இதனை ‘ஸ்பாஞ்சு கேக்கு’ என்பர். ஸ்பாஞ்சு என்பது கடற்பஞ்சு. தமிழில் பஞ்சு என்றவுடன் இலவம்பஞ்சும் பருத்திப்பஞ்சுமே நினைவிற்கு வருதலால், மென்மை நோக்கி இப்பெயர் வந்ததாக நாம் எண்ணக்கூடும். உண்மையில் இப்பெயர் நுண்டுளைகள் நோக்கி வந்ததாகும். கடற்பஞ்சின் உடலெங்கும் கண்ணறைகள் நிறைந்திருத்தல் போல, இக்கேக்கின் உள்ளும் காற்றறைகள் நிறைந்துள்ளன. இவ்வேறுபாட்டை நினைவிற் கொண்டு, இக்கட்டுரையில் ‘பஞ்சுக் கேக்கு’ என்றே இதனைக் குறிப்போம்.

பிறநாட்டார் இதற்கு இட்ட பெயர்கள் கருதத்தக்கன. இத்தாலியர் இதனைப் ‘பான் தி ஸ்பாஞ்ஞா’ என்பர். ஸ்பெயின் நாட்டு ரொட்டி என்பது அதன் பொருள். கிரேக்கரின் ‘பந்தெஸ்பானி’யும் துருக்கியரின் ‘பாண்டிஸ்பான்யா’வும் அதன் திரிபுகளே. பிரெஞ்சுக்காரர் ஒருவகைப் பஞ்சுக் கேக்கை ‘ழெனுவாஸ்’ என்பர். இத்தாலியின் ஜெனோவா நகரத்தது என்பது அதன் பொருள். சப்பானியர் ‘கஸ்தெரா’ என்பர். அது ஸ்பெயினின் ஒரு பகுதியாகிய காஸ்டீலின் பெயராகும். ஒவ்வொரு நாட்டாரும் இதனை வேறொரு நாட்டிற்கு உரியதாகவே கூறுதல் காண்க. பெயர் ஒன்றையே கொண்டு பிறப்பிடத்தை உறுதி செய்தல் இயலாது. ஆயினும், இப்பெயர்களுட் பல ஸ்பெயினையே சுட்டுதலின், இப்பண்டம் ஐபீரிய மூவலந்தீவினின்று பரவியது எனக் கோடல் பொருத்தமுடைத்து.

சப்பானியச் சான்று இதனை வலியுறுத்துகிறது. போர்த்துக்கீசியர் 1543 இல் சப்பானை அடைந்தனர். 1571 இல் நாகசாக்கி அவர்தம் வாணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டது. முட்டை, சர்க்கரை, மாவு ஆகிய மூன்றாலும் ஆக்கப்படும் கஸ்தெரா அவர்கள் வழியே அந்நாடு புகுந்தது. போர்த்துக்கீசியர் 1639 இல் வெளியேற்றப்பட்ட பின்னரும் கஸ்தெரா அந்நாட்டில் நிலைத்தது. நாகசாக்கியில் 1624 இல் தோன்றிய புக்குசாயா என்னும் கடை இன்றும் அதனைச் செய்து விற்கிறது. மலாய் நாட்டில் ‘பகுலு’ என வழங்கும் சிறு முட்டைக் கேக்கின் பெயரும் ‘போலு’ என்னும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபே.

இக்கடல்வழியின் சுவடு தமிழிலும் உண்டு. ஈழத்தமிழர் ரொட்டியைப் ‘பாண்’ என்பர். சப்பானியர் ‘பன்’ என்பர். இரண்டும் ஒரே போர்த்துக்கீசியச் சொல்லினின்று வந்தவை. ‘விசுக்கோத்து’, ‘குசினி’ என்பனவும் அவ்வழி வந்தனவே. ரொட்டி சுடும் மூடிய அடுப்பை ஈழத்தமிழர் ‘போறணை’ என்பர். அதுவும் அம்மொழியின் கொடையே. அடுப்பின் பிறவகைகளினின்று பிரித்துக் காட்டுதற்கு இச்சொல் ஏற்றதாதலின், யாமும் இதனை ஆள்வோம்.

சமையல் நூல்களில் காலக் குறிப்பு

பஞ்சுக் கேக்கு பற்றிய பழைய ஆங்கிலச் செய்முறைகளுள் ஒன்று 1615 இல் வெளிவந்த கெர்வேசு மார்க்கம் என்பாரின் நூலில் உள்ளது. ‘ஆங்கில இல்லாள்’ எனப் பொருள்படும் பெயருடையது அந்நூல். அதில் இப்பண்டம் ‘பிஸ்கெட் ரொட்டி’ எனப்படுகிறது. நுண்மாவு ஒரு பவுண்டு, இடித்துச் சலித்த சர்க்கரை ஒரு பவுண்டு, முட்டை எட்டு, சோம்பு முதலிய மணப்பொருள்கள் என்பன அதன் பொருள்கள். வெண்ணெயும் இல்லை; புளிக்க வைக்கும் ஈஸ்ட்டும் இல்லை. ஏறத்தாழ ஒரு மணி நேரம் அடிக்க வேண்டும் என்பது அவர் தரும் குறிப்பு.

இவ்வொரு மணி நேரமே நம் ஆராய்ச்சிக்கு அடிப்படை. ஈஸ்ட்டும் பொடியும் இன்றி மாவு எழும்புதற்கு முட்டையுள் காற்றைப் புகுத்துதல் ஒன்றே வழி. அதனைப் புகுத்துதற்கு மனிதர் கை அன்றி வேறு கருவி அக்காலத்தில் இல்லை. 

அன்னா கிளாசு என்னும் அம்மையார் 1747 இல் வெளியிட்ட சமையல் நூல் பதினெட்டாம் நூற்றாண்டில் பெரிதும் பரவியது. அதிலுள்ள பவுண்டுக் கேக்கு வெண்ணெய் சேர்ந்தது. பஞ்சுக் கேக்கினின்று வேறானது. ஆயினும், அதற்கும் ஒரு மணி நேர அடிப்பே விதிக்கப்படுகிறது. கையினாலோ பெரிய மரக்கரண்டியினாலோ அடிக்கலாம் என்கிறார் ஆசிரியர். ஏறத்தாழ நூற்று முப்பது ஆண்டு இடையீடு உடைய இரு நூல்களும் ஒரே கால அளவைத் தருதல், இவ்வுழைப்பு அடுக்களையின் வழக்கமாகவே இருந்தது என்பதைக் காட்டும்.

இவ்வுழைப்பு யாருடையது? கிளாசு அம்மையார் தம் நூலைப் பணிமக்கள் படித்தறியுமாறு எழுதியதாக முன்னுரையில் கூறுகிறார். ஆதலின் ஒரு மணி நேரம் அடித்த கை, பெரும்பாலும் வீட்டுத் தலைவியின் கையன்று. அடுக்களைப் பெண்ணின் கை. அவள் பெயரை எந்நூலும் குறிக்கவில்லை. அவளுழைப்பிற்கு எஞ்சிய சான்று அக்காலக் குறிப்பு ஒன்றே. நம் நாட்டுக் கோயிற் கல்வெட்டுகள் திருவமுதுக்கு வேண்டும் அரிசி, நெய், பயறு ஆகியவற்றின் அளவை நாழியும் உரியும் ஆழாக்குமாகப் பொறித்துள்ளமையை நாம் அறிவோம். அவை பொருளின் அளவைக் காட்டுகின்றன. மேலைநாட்டுச் சமையல் நூல்களோ பொருளளவோடு உழைப்பின் அளவையும் தருகின்றன. ஆதலின் அவற்றைச் சமையற் குறிப்பாக மட்டும் படித்துவிடாது, உழைப்பின் வரலாற்றுக்குரிய ஆவணமாகவும் படித்தல் வேண்டும்.

வீட்டுப் பண்டமா, கடைப் பண்டமா?

நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் 1808 இல் தம் தமக்கை கசாண்ட்ராவுக்கு எழுதிய கடிதமொன்றில் பஞ்சுக் கேக்கு இடம்பெறுகிறது. ‘ஸ்பாஞ்சு கேக்கு’ என்னும் தொடரின் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்றாக அக்கடிதம் மதிக்கப்படுகிறது. ஆங்கு அவர் பேசுவது கேக்கைச் செய்தல் பற்றியன்று. விலைக்கு வாங்குதல் பற்றி. கற்றறிந்த நடுத்தரக் குடும்பத்தார்க்கும் அக்காலத்தில் அது கடையில் வாங்கும் பண்டமாக இருந்தது என்பதற்கு இது சான்றாகும். ஒரு கடிதத்தைக் கொண்டே பொதுவிதி வகுத்தல் கூடாது எனின், வேறிரு காரணங்களும் இதற்குத் துணை நிற்கின்றன.

முதலாவது சர்க்கரை. இச்சொல் நம் நாட்டது. வடமொழிச் ‘சர்க்கரா’ அரபு மொழியில் ‘சுக்கர்’ ஆகி, ஐரோப்பிய மொழிகளுட் புகுந்து ஆங்கிலத்தில் ‘சுகர்’ ஆயிற்று. ஐரோப்பாவில் அது நெடுங்காலம் செல்வர்க்கே உரிய அரும்பொருளாக இருந்தது. சிட்னி மின்ட்சு என்னும் மானிடவியல் அறிஞர் 1985 இல் வெளியிட்ட நூலில், இங்கிலாந்தில் ஆளொருவரின் ஆண்டு நுகர்வு 1700 இல் நான்கு பவுண்டாகவும் 1800 இல் பதினெட்டுப் பவுண்டாகவும் இருந்தது எனக் கணக்கிடுகிறார். இப்பெருக்கம் கரீபியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில் ஆப்பிரிக்க அடிமைகள் பட்ட துன்பத்தின் விளைவாகும். பிரித்தானியப் பேரரசில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1833 இல் இயற்றப்பட்டது. அதன்பின் பயிற்சிமுறை என்னும் பெயரால் நீடித்த கட்டாய உழைப்பு 1838 இல்தான் முடிவுற்றது. சர்க்கரை மீதான இறக்குமதி வரி 1874 இல் நீக்கப்பட்ட பின்னரே அது ஏழையர் இல்லத்திலும் நிறையப் புகுந்தது. பஞ்சுக் கேக்கின் மென்மையை ஆராய்வார் அடுக்களைப் பெண்ணின் கையோடு, கரும்பு வெட்டிய கையையும் மறத்தலாகாது.

இரண்டாவது போறணை. பழைய செங்கற் போறணையுள் விறகெரித்து, தணலை வாரி அகற்றி, சுவரில் தங்கிய சூட்டிலேயே வேகவைத்தனர். சூட்டை அறிதற்குக் கையை உள்ளே நீட்டியோ, சிறிது மாவைத் தூவி அது கருகும் விரைவைக் கண்டோ முடிவு செய்தனர். எல்லா வீட்டிலும் போறணை இருந்ததில்லை. மூடிய இரும்பு அடுப்பிற்கு இங்கிலாந்தின் எக்சிட்டர் நகரத்து ஜார்ஜ் பாட்லி 1802 இல் உரிமைச் சான்று பெற்றார். அவ்வகை அடுப்புகள் நூற்றாண்டின் போக்கில் நடுத்தர இல்லங்களுக்குப் பரவின. எரிவாயு அடுப்பில் சூட்டைத் தானே ஒழுங்குபடுத்தும் ‘ரெகுலோ’ என்னும் அமைப்பு 1923 இல் வந்தது. சர்க்கரை மலிவும் நிலையான சூடும் இல்லாத இடத்தில் இக்கேக்கு எளிய இல்லத்துப் பண்டமாதல் இயலாது.

காற்றின் தொழில்

இனி, அவ்வொரு மணி நேர உழைப்பு எதனைச் செய்தது என்பதைக் காண்போம். முட்டையின் வெண்கருவில் நீரும் புரதமுமே மிகுதி. அடிக்கும்போது சுருண்டு கிடந்த புரத இழைகள் விரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து, காற்றுக் குமிழிகளைச் சூழ்ந்து மெல்லிய உறையாகின்றன. வெண்கரு இவ்வாறு எட்டு மடங்கு வரை பெருகக்கூடும். கொழுப்பு இவ்வுறையைச் சிதைக்கும். ஆதலினாலேயே, மஞ்சட்கரு சிறிதும் கலவாமல் வெண்கருவைப் பிரிக்க வேண்டும் என்றும், எண்ணெய்ப் பசையற்ற கலத்தில் அடிக்க வேண்டும் என்றும் கூறுவர். செப்புக் கலத்தில் அடித்த நுரை நிலைத்து நிற்கும் என்பது பிரெஞ்சு அடுக்களையின் பழைய வழக்கு. 1984 இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு, அவ்வழக்கு வெறும் நம்பிக்கையன்று என்பதை நிறுவியது.

சர்க்கரை இனிமைக்கு மட்டும் உரியதன்று. அது நுரையின் நீரைப் பிடித்து நிறுத்துகிறது. புரதம் இறுகும் வெப்பநிலையையும் உயர்த்துகிறது. அதனால் போறணையுள் கேக்கு இறுகுமுன் எழும்புதற்கு வேண்டிய காலம் கிடைக்கிறது. குமிழியிலுள்ள காற்று சூட்டால் விரிகிறது. நீர் ஆவியாகி அக்குமிழிகளுட் புகுந்து அவற்றை மேலும் பெருக்குகிறது. ஆவி தானே குமிழியை உண்டாக்காது. முன்பே உள்ள குமிழியையே பெருக்கும். கை புகுத்தாத காற்றைப் போறணை தராது என்று இதனைச் சுருங்கக் கூறலாம். பின்னர் முட்டைப் புரதமும் மாவின் மாச்சத்தும் இறுகி அறைச் சுவர்களாகின்றன. இறுகுமுன் போறணையைத் திறந்து குளிரச் செய்தால் கேக்கு நடுவில் அமிழும்.

மாவு சேர்க்கும் முறையும் இதனோடு இயைந்தது. எலைசா ஆக்டன் அம்மையார் 1845 இல் வெளியிட்ட நூலில் மஞ்சட்கருவைத் தனியாகவும் வெண்கருவைத் தனியாகவும் அடித்துச் சேர்த்தபின், மாவைச் சலித்து மெல்லக் கலக்க வேண்டும், அடித்தல் கூடாது என்கிறார். மாவை மிக அடிப்பின் கோதுமையின் பசைப்புரதம் முறுக்கேறும், குமிழிகளும் உடையும். அறிவியலார் காரணம் கூறுவதற்கு முன்பே அடுக்களையார் அதன் பயனை அறிந்திருந்தனர் என்பது இதனால் போதரும்.

இன்றும் இம்முறையே ஆளப்படுகிறது. நான்கு முட்டைக்கு 120 கிராம் சர்க்கரை, 120 கிராம் மைதா என்பது வீட்டிற்கேற்ற அளவு. முட்டையையும் சர்க்கரையையும் வெந்நீர்மேல் வைத்து இளஞ்சூடாக்கி அடிப்பது ஜெனோவா முறை. கரண்டியை உயர்த்தினால் கலவை நாடா போல் வீழ்ந்து, மேற்பரப்பில் சிறிது நேரம் மறையாதிருத்தலே பதம். பின்பு மாவை மும்முறையாகச் சலித்து இட்டு, அடியிலிருந்து மேலாக மடித்துக் கலந்து, 180 பாகை செல்சியசில் 25 நிமிட அளவு வேகவைப்பர். இங்கு ஒரு துளிப் பொடியும் இல்லை என்பது நோக்கத்தக்கது.

பொடி பற்றிய மயக்கம்

காரப்பொருள் கொண்டு மாவை எழுப்பும் வழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் காணப்படுகிறது. அமேலியா சிம்மன்சு 1796 இல் வெளியிட்ட நூலில் மரச்சாம்பலினின்று எடுத்த காரம் பயன்படுத்தப்படுகிறது. பர்மிங்காம் நகரத்து ஆல்பிரட் பேர்டு 1843 இல் பேக்கிங் பவுடரை ஆக்கினார். அவர் மனைவியார்க்கு ஈஸ்ட்டு ஒவ்வாமையே அதற்குக் காரணம் என்பர். பிரிஸ்டல் நகரத்து ஹென்றி ஜோன்சு தானே எழும்பும் மாவிற்கு 1845 இல் உரிமைச் சான்று பெற்றார். அமெரிக்க வேதியியலார் எபன் ஹார்ஸ்போர்டு 1856 இல் பாசுபேட்டு வகைப் புளிப்புப் பொருளுக்கு உரிமை பெற்றார்.

இவற்றைக் கண்டோர், ‘விக்டோரியா கேக்கு’ என இன்று புகழ்பெற்ற மென்கேக்குப் பொடியின் விளைவே எனக் கூறுவர். இக்கூற்று மூலநூலோடு முரண்படுகிறது. இசபெல்லா பீட்டன் அம்மையாரின் இல்ல நிருவாக நூல் 1861 இல் வெளிவந்தது. அதில் ‘விக்டோரியா சாண்ட்விச்’ என்னும் பெயரில் இதன் செய்முறை உள்ளது. நான்கு முட்டை; அம்முட்டைகளின் எடைக்கு ஒத்த வெண்ணெய், சர்க்கரை, மாவு; சிறிதளவு உப்பு. இவையே பொருள்கள். பத்து நிமிடம் நன்கு அடித்து, இருபது நிமிடம் வேகவைக்குமாறு கூறும் ஆசிரியர் பொடி எதனையும் குறிக்கவில்லை. அவர் பொடியை அறியாதவரோ எனின், அன்று. அதே நூலில் உலர்திராட்சை சேர்ந்த வேறொரு கேக்கிற்கு இரு தேக்கரண்டிப் பேக்கிங் பவுடர் விதிக்கிறார். அறிந்திருந்தும் விக்டோரியா கேக்கிற்கு அதனை வேண்டாது விட்டார் என்பதே நூல்வழிப் பெறப்படும் முடிபு. பொடி அச்செய்முறையுட் புகுந்தது பின்னரே.

அங்ஙனமாயின் பொடி செய்தது யாது? மென்மையை அது படைக்கவில்லை. மென்மையின் விலையைக் குறைத்தது. முட்டையைக் குறைக்கவும், அடிக்கும் காலத்தைச் சுருக்கவும், பயிற்சியற்ற கையும் தவறின்றிச் செய்யவும் அது இடந்தந்தது. பணிமகள் இல்லாத இல்லத்தரசிக்கு இது பெரும் பேறு. ஆதலின் பொடியை இழித்துரைத்தல் எம் கருத்தன்று. அதற்கு முன்னிருந்த உழைப்பை அது மறைத்துவிடலாகாது என்பதே எம் கருத்து.

கருவிகளின் வரவு

உழைப்பைக் குறைத்ததில் பொடிக்கு ஈடாகக் கருவிகளுக்கும் பங்குண்டு. அமெரிக்காவின் பிராவிடன்சு நகரத்து டர்னர் வில்லியம்சு, ஒன்றினுள் ஒன்று எதிரெதிராகச் சுழலும் இரு மத்துகளை உடைய கைப்பொறிக்கு 1870 இல் உரிமை பெற்றார். பிடியை ஒருமுறை சுற்ற, மத்துகள் பலமுறை சுழன்றன. 1919 இல் வீட்டு உபயோகத்திற்குரிய மின்கலக்கிப் பொறி அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. மார்க்கத்தின் ஒரு மணி நேரம் இப்போது பத்து நிமிடத்திற்கும் குறைவாயிற்று.

காற்றின் இன்றியமையாமை இதன் பின்னரும் மாறவில்லை. லாஸ் ஏஞ்சலிசில் வாழ்ந்த ஹாரி பேக்கர் என்பார் 1927 இல் ‘சிப்பான்’ என்னும் கேக்கை ஆக்கினார். வெண்ணெய்க்கு மாறாக எண்ணெய் சேர்த்து, வெண்கரு நுரையால் எழுப்பப்படுவது அது. அதன் செய்முறையை இருபது ஆண்டு மறைத்துவைத்துப் பின்னர் ஜெனரல் மில்சு நிறுவனத்திற்கு விற்றார். 1948 இல் அது வெளியிடப்பட்டது. பொடி மலிந்த காலத்தும் புதுமை கண்டவர் மீண்டும் நுரையையே நாடினார் என்பது இதனால் விளங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படும். பஞ்சுக் கேக்கு ஐபீரியாவினின்று கடல்வழியாகவும் தரைவழியாகவும் பரவியது எனப் பெயர்ச் சான்றுகள் காட்டுகின்றன. அதன் மென்மை பொடிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்டது. முட்டையுள் கையால் புகுத்திய காற்றால் அமைந்தது. சர்க்கரை மலிந்து, போறணை வீட்டினுட் புகுந்து, அடிக்கும் உழைப்பைப் பொறியும் பொடியும் பகிர்ந்துகொண்ட பின்னரே அது எளியோர் இல்லத்துப் பண்டமாயிற்று. ஆதலின் ‘வீட்டுக் கேக்கு’ என்பது தொன்மையான மரபன்று. பெரும்பான்மையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அதன் பின்னரும் உருவானதாகும்.

அடுக்களை நூல்களில் பொருளளவை மட்டும் நோக்காது காலவளவையும் நோக்குதல் வேண்டும் என்பது இவ்வாராய்ச்சி தரும் நெறி. நம் நாட்டுப் பண்டங்களுக்கும் இந்நெறி பொருந்தும். ஆட்டுக்கல்லில் மாவரைத்த நேரமும், உரலில் இடித்த நேரமும், பாகு பதம்வரக் கிண்டிய நேரமும் எந்நூலில், எவ்வாறு குறிக்கப்பட்டுள்ளன என்பதைத் தொகுத்தாராய்தல் தமிழ் மாணவர்க்குரிய நற்பணியாகும். அரிசியின் அளவை நம் கல்வெட்டுகள் காத்தளித்தன. அதனை இடித்தவர் உழைப்பின் அளவையும் அறியும்போதே அவ்வரலாறு நிறைவு பெறும்.